பொன்விழாப் பதிப்பும் தங்கக்காதும்

பல் டாக்டரிடம் ஒரே படத்தின் பாட்டுகள் நான்கு விதமாக இருந்தன. படம் வந்தபோதே வெளியான இசைத்தட்டு ஒன்று. அதற்கப்புறம் வந்த கேசட். பிறகு ஒரு சிடி. அந்த சிடி சரியில்லை என்று ஆளாளுக்குத் திட்டியதால், இரைச்சலையெல்லாம் நீக்கி வெளியிட்ட இன்னொரு சிடி. கதை முழுக்க ஒரு ரயில் நிலையத்தில் நடப்பதால் அதை எல்லோரும் ‘ஸ்டேஷன் படம்’ என்பார்கள். படம் ஓடவில்லை. பாட்டுகள் மட்டும் ஐம்பது வருஷமாக ஓடிக்கொண்டிருக்கின்றன.

“ஒரே பாட்டை எதுக்குங்க இத்தனை தடவை வாங்கணும்?” என்று மனைவி ஒருமுறை கேட்டாள்.

“அது ஒரே பாட்டு இல்லைம்மா.”

“வார்த்தை மாறுதா?”

“இல்ல.”

“மெட்டு?”

“அதுவும் இல்ல.”

“அப்ப என்னதான் மாறுது?”

டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். “பாடுற அம்மாவைச் சுத்தி இருக்கிற காத்து மாறுது” என்றார்.

மனைவி வருமான வரி அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். ஒரு பதில் எந்த இடத்தில் பதிலாக இல்லாமல் போகிறது என்பது அவளுக்கு அத்துப்படி. அதற்குமேல் கேட்கவில்லை.

வீட்டின் கீழ்த்தளத்தில் கிளினிக். மாடியில் பாட்டு ரூம். கனத்த திரைச்சீலை, ஆளுயர ஸ்பீக்கர் இரண்டு, அவற்றுக்குச் சரிநடுவே ஒரே ஒரு நாற்காலி. அதில் டாக்டரைத் தவிர வேறு யாரும் உட்காரக் கூடாது. காலையிலிருந்து மாலைவரை கீழே பல்லைக் குடைவார். பிறகு மேலே வந்து, ஒரே பாட்டை மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டு, எந்தப் பதிப்பு எப்படி என்று எழுதுவார். பழைய பாட்டுப் பிரியர்கள் சேர்ந்து இணையத்தில் வைத்திருந்த குழுவில் அது வெளியாகும். அந்தக் குழுவில் அவருக்குத் ‘தங்கக்காது’ என்று பேர்.

எழுத்தும் நன்றாகத்தான் இருக்கும். ‘முதல் சிடியில் புல்லாங்குழல்காரர் போர்வையைப் போர்த்திக்கொண்டு வாசிக்கிறார்’ என்று எழுதினார். இரண்டாவது சிடியை ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: ‘பஞ்சுமூட்டை.’ அன்றிலிருந்து அந்த சிடியை வைத்திருந்தவர்கள் அதை அலமாரியின் பின்வரிசைக்குத் தள்ளினார்கள்.

எதிர்த்துப் பேசியவர் ஒரே ஒருவர், ஒரு வக்கீல். இசைத்தட்டு ஓட்டும் ஊசிகளைத் தேடித் தேடிச் சேர்ப்பார் என்பதால் குழுவில் அவரை ஊசி என்பார்கள். நாக்கும் அதே ரகம். “எனக்கென்னவோ ரெண்டாவது சிடி நல்லாத்தான் இருக்கு” என்று அவர் எழுதினார். “காதில் அழுக்கு இருந்தால் நல்ல டாக்டராகப் பார்த்து எடுத்துக்கொள்ளவும். நான் பல் மட்டும்தான் பார்க்கிறேன்” என்று இவர் பதில் எழுதினார். குழுவே சிரித்தது. அதன் பிறகு ஊசி எதிர்த்துப் பேசவில்லை. தங்கக்காது சொல்வதை எல்லோருக்கும் முன்னால் ஆமோதிப்பவர் அவராகிவிட்டார்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தப் பாட்டுகளின் உரிமையை வைத்திருந்த கம்பெனியின் முதலாளி டாக்டரைத் தேடி வந்தார். டோக்கன் எடுத்துக்கொண்டு காத்திருந்து உள்ளே வந்தவரை நாற்காலியில் சாய்த்து, “எங்க வலிக்குது? வாயைத் திறங்க” என்றார் டாக்டர்.

“பல்லு நல்லா இருக்கு டாக்டர். ஸ்டேஷன் படத்துக்குப் பொன்விழா வருது. பாட்டை முதல்ல பதிவு பண்ணின மூலநாடாவைக் கண்டுபிடிச்சுட்டோம். பெட்டி போட்டு இசைத்தட்டா கொண்டு வரப்போறேன். இந்தத் தடவை உங்க காதை நம்பித்தான் இறங்குறேன்.”

டாக்டர் கையிலிருந்த கண்ணாடியைத் தட்டில் வைத்தார். அன்று மீதியிருந்த நோயாளிகளுக்குப் பல் வலித்ததோ என்னவோ, டாக்டருக்கு எதுவுமே வலிக்கவில்லை.

ஸ்டூடியோவில் ஒலிப்பொறியாளராக இருந்தவள் முப்பது வயதுப் பெண். நாடாவிலிருந்து எடுத்ததை அவள் முதலில் அப்படியே போட்டுக் காட்டினாள். டாக்டர் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார்.

“அழுக்கு ஜன்னல் வழியா தெருவைப் பாக்குற மாதிரி இருக்கேம்மா. கண்ணாடியைத் துடைங்க.”

அவள் மேல்ஸ்தாயிச் சத்தத்தைக் கொஞ்சம் ஏற்றினாள். “துடைச்சாச்சு சார்.”

“இன்னும்.”

இன்னும் ஏற்றினாள்.

“இப்பத்தான் கண்ணாடியே தெரியுது. இன்னும் கொஞ்சம்.”

“சார், இதுக்கு மேல போனா குத்தும்.”

“யாரை?”

“கேக்குறவங்களை.”

டாக்டர் முதலாளியைப் பார்த்துச் சிரித்தார். “சின்னப் பொண்ணு. காது இன்னும் பழகல” என்றார். முதலாளி அவளிடம், “டாக்டர் சொன்னா ஏத்தும்மா. அவர் எழுதினாத்தான் பெட்டி நகரும்” என்றார்.

அவள் ஏற்றினாள். ஒரு கட்டத்தில் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, திரையில் ஏறி இறங்கும் கோடுகளை மட்டும் பார்த்துக்கொண்டு வேலையை முடித்தாள். வாங்குகிற சம்பளத்துக்குக் கையைக் கொடுக்கலாம், காதையும் எதற்குக் கொடுக்க வேண்டும் என்று நினைத்திருப்பாள்.

“நிறுத்துங்க! இதான்!” என்று டாக்டர் எழுந்துவிட்டார். “ரெண்டாவது சரணத்துக்கு முன்னாடி அந்தம்மா மூச்சு இழுக்கிறாங்க பாருங்க. இத்தனை வருஷத்துல இப்பத்தான் எனக்குக் கேக்குது.” அவர் கண் கலங்கிவிட்டது. பக்கத்திலிருந்த முதலாளிக்கும் கண்ணில் நீர் வந்தது. காரணம்தான் வேறு.

பெட்டி அச்சாகி வந்ததும் முதல் பிரதியை டாக்டர் வீட்டு மாடியில் போட்டுக் கேட்பது என்று ஏற்பாடு. குழுவிலிருந்து ஏழெட்டுப் பேர் வந்து சுவரோரம் உட்கார்ந்தார்கள். ஊசி முன்வரிசையில் இருந்தார். டாக்டர் நடு நாற்காலியில் அமர்ந்து, வழக்கம்போல சவுண்டைத் தாராளமாக வைத்தார்.

முதல் பாட்டில் வயலின்கள் ஆரம்பித்ததும் ஒருவர் கையிலிருந்த காபி சிந்தியது. பாடகி ‘ச’ என்ற எழுத்தைத் தொட்டபோதெல்லாம் வந்திருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கண்ணைச் சிமிட்டினார்கள். மழைப்பாட்டில் முக்கோண மணியை ஒரு தட்டு தட்டுவார்கள். அந்த இடம் வந்தபோது டாக்டரின் மனைவி எழுந்து, துணி காய்ந்துவிட்டதா பார்க்கிறேன் என்று மொட்டைமாடிக்குப் போய்விட்டாள். அன்று துணியே துவைக்கவில்லை.

கீழே கிளினிக்கில் முறை வருவதற்காகக் காத்திருந்த ஒருவர், ரிசப்ஷனில் இருந்த பெண்ணிடம், “டாக்டர் மேலயும் ஒரு நாற்காலி வச்சிருக்காரா?” என்று கேட்டார்.

“இல்லையே, ஏன்?”

“யாருக்கோ குடையறாங்க போல இருக்கே” என்று சொன்னவர், இன்னொரு நாள் வருவதாகக் கிளம்பிவிட்டார்.

மேலே பாட்டு முடிந்தது. எல்லோர் காதிலும் ‘ங்ஙொய்’ என்று ஓடிக்கொண்டிருந்தது. டாக்டர் நாற்காலியைத் திருப்பி அவர்களைப் பார்த்தார்.

ஊசிதான் முதலில் வாயைத் திறந்தார். “டாக்டர், பாட்டு காதுக்குள்ளயே வந்து உக்காந்துருச்சு” என்றார். அதில் பொய் ஒன்றும் இல்லை. அடுத்தவர், “இனிமே இது என்னை விட்டுப் போகாது” என்றார். அதிலும் பொய் இல்லை. மூன்றாமவர் பொருள் புரியாதபடி தலையாட்டினார். தனக்கு மட்டும்தான் காது கூசுகிறது, மற்றவர்களுக்கெல்லாம் அமிர்தமாக இருக்கிறது என்று ஒவ்வொருவரும் நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் தங்கக்காதின் விமர்சனம் வந்தது. ‘ஐம்பது வருஷமாக மூடியிருந்த கதவு திறந்துவிட்டது.’ பெட்டிகள் விற்றுத் தீர்ந்தன. வாங்கியவர்கள் எல்லோரும் புகழ்ந்து எழுதினார்கள். ஒருவரும் இரண்டாவது தடவை போட்டுக் கேட்கவில்லை.

எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஸ்டெரிலைசர் ஒன்று வந்து கெடுத்தது.

கருவிகளைச் சுத்தப்படுத்தும் பழைய இயந்திரம் ரிப்பேராகி, கிளினிக்குக்குப் புதிது வாங்கினார்கள். வேலை முடிந்ததும் அது பீப் அடிக்கும் என்று சொல்லித்தான் விற்றார்கள். டாக்டர் காத்திருந்து பார்த்தார். பீப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. கடைக்கு போன் போட்டுச் சத்தம் போட்டார். மெக்கானிக் வந்தார், ஓடவிட்டார்.

“அடிக்குதே சார்.”

“எங்க அடிக்குது?”

“இதோ, இப்பக்கூட அடிச்சுக்கிட்டுத்தானே இருக்கு.”

டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. “நான் யாருன்னு தெரியுமா? சத்தத்தைப் பத்தி என்கிட்டயே கதை விடுறீங்களா?” என்றார். மெக்கானிக் பயந்துபோய் ரிசப்ஷன் பெண்ணைப் பார்த்தார். அவள் தயங்கித் தயங்கி, “சார்... அது காலையிலேர்ந்து கத்திக்கிட்டேதான் இருக்கு. எனக்குத் தலையே வலிக்குது” என்றாள்.

டாக்டர் இயந்திரத்தின்மேல் காதை வைத்துப் பார்த்தார். சூடாக இருந்தது. அவ்வளவுதான் தெரிந்தது.

அவருடைய மனைவிக்கு ஒரு தம்பி. காது பரிசோதனை செய்து காது மிஷின் விற்கும் கடை வைத்திருந்தான். “ஒரு தடவை வந்து காதைக் காட்டுங்க அத்தான்” என்று அவன் பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். “உன் வியாபாரத்துக்கு என் காதுதான் கிடைச்சதா மச்சான்?” என்று இவரும் பல வருஷமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். இப்போது மனைவியே கையைப் பிடித்து அழைத்துப்போனாள்.

கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னான். முதலில் டாக்டர் கெட்டிக்கார மாணவன் மாதிரி அமுக்கினார். அப்புறம் வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தார்.

“ஆரம்பிச்சா சொல்லு மச்சான்” என்றார்.

“முடிஞ்சுருச்சு அத்தான்” என்றான் மைத்துனன்.

வெளியே வந்ததும் மெதுவாக விளக்கினான். கீழ்ஸ்தாயியெல்லாம் நன்றாகக் கேட்கிறது. பேச்சும் பரவாயில்லை. மேலே போகப் போகத்தான் கோடு சறுக்குமரம் மாதிரி இறங்குகிறது. “தினம் தினம் அந்த டிரில்லைக் காதுகிட்ட வச்சுக்கிட்டு வேலை பாக்குறீங்க இல்லையா? அதான் கொஞ்சம் கொஞ்சமா தின்னுருக்கு. இன்னைக்கு நேத்து வந்தது இல்ல. பத்துப் பதினஞ்சு வருஷமாவது இருக்கும்.”

டாக்டர் அந்தப் பதினைந்து வருஷத்தில் தான் எழுதியதையெல்லாம் மனசுக்குள் புரட்டிக்கொண்டிருந்தார். போர்வை போர்த்திக்கொண்டு வாசித்தது யார் என்று அவருக்கு இப்போது தெரிந்துவிட்டது.

“நீ கவனிச்சதே இல்லையா?” என்று மனைவியிடம் கேட்டார்.

“கவனிக்காம என்ன? சமையல்கட்டுல இருந்து நான் கூப்பிட்டா திரும்ப மாட்டீங்க. வேணும்னுதான் திரும்பலைன்னு நினைச்சேன். உலகத்துலயே நல்ல காதுன்னு ஊரே சொல்லுது. அப்புறம் நான் வேற என்னத்தை நினைக்கிறது?”

இரண்டு காதுக்கும் மிஷின் வந்தது. கடையை விட்டு இறங்கியதும் தெரு முழுவதும் அவர்மேல் வந்து விழுந்தது. தன் செருப்பு இப்படிச் சத்தம் போடும் என்று அவருக்குத் தெரியாது. மனைவி பையில் சாவி தேடியபோது யாரோ கண்ணாடியை உடைக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார். கிளினிக்கில் முதல் நோயாளியின் வாய்க்குள் டிரில்லை வைத்து அழுத்தியதும், நோயாளிக்கு முன்னால் டாக்டர்தான் துள்ளினார். நாற்காலியின் கைப்பிடியை ஏன் எல்லோரும் அப்படி இறுக்கிப் பிடித்துக்கொள்கிறார்கள் என்பது இத்தனை வருஷத் தொழிலில் அன்றுதான் அவருக்கு விளங்கியது. “மன்னிச்சுக்குங்க” என்றார். எதற்கு என்று நோயாளிக்குப் புரியவில்லை.

மிஷினில் பாட்டுக்கு என்று தனியாக ஓர் அளவு வைத்துக்கொடுக்கும்படி மைத்துனனிடம் கேட்டு வாங்கிக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடிக்குப் போனார். பொன்விழாப் பதிப்பை எடுத்து வைத்தார். வயலின்கள் ஆரம்பித்தன. டாக்டர் எழுந்து ஓடிப்போய் ஊசியைத் தூக்கினார்.

பிறகு, தன் பெருமைக்குரிய பழைய இசைத்தட்டைப் போட்டார். கீறல் என்று ஒரு மயிரிழைகூடக் கிடையாது என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்த தட்டு. எண்ணெயில் கடுகு வெடிப்பது மாதிரி பொரிந்து தள்ளியது.

சத்தம் கேட்டு வந்த மனைவி வாசலில் நின்றாள். “இது எப்பவுமே இப்படித்தானா?” என்று டாக்டர் கேட்டார்.

“மழைப்பாட்டுதானே? மழையும் சேர்த்தே பெய்யுதுன்னு நான் நினைச்சுக்கிட்டேன்.”

கேசட் நாடா சுருங்கிப் போயிருந்தது. முதல் சிடி சுமார். கடைசியில், அலமாரியின் பின்வரிசையிலிருந்து இரண்டாவது சிடியைத் தூசி தட்டி எடுத்துப் போட்டார். புல்லாங்குழல் வந்தது. வயலின்கள் அதன் பின்னால் வந்து அளவோடு நின்றன. முக்கோண மணி தூரத்தில் ஒருமுறை மினுங்கிவிட்டுப் போனது. இரண்டாவது சரணத்துக்கு முன்னால் அந்தம்மாள் மூச்சு இழுத்தாள். சாதாரணமாக, மனுஷி மூச்சு விடுகிற மாதிரி. பஞ்சுமூட்டையில் எல்லாமே இருந்தது.

மனைவி மொட்டைமாடிக்குப் போகவில்லை. உள்ளே வந்து, யாரும் உட்காரக் கூடாத அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். டாக்டர் சுவரோரம் நின்றபடி முழுப் பாட்டையும் கேட்டார்.

அன்று சாயந்திரமே எழுத உட்கார்ந்தார். ஒளிவுமறைவில்லாமல் எழுதினார். எனக்குப் பல வருஷமாக மேல்ஸ்தாயி கேட்கவில்லை. அது தெரியாமல் பதிப்புகளைக் குறை சொல்லிவிட்டேன். பொன்விழாப் பதிப்பு செவிடன் காதுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. அளவு கொடுத்தவன் நான்தான். இரண்டாவது சிடிதான் எல்லாவற்றிலும் சிறந்தது. அதை வைத்திருப்பவர்கள் முன்வரிசைக்கு எடுத்து வையுங்கள்.

எழுதிவிட்டு, பாரம் இறங்கின மாதிரி நிம்மதியாகச் சாப்பிட்டார். உண்மையைச் சொன்னால் மதிப்புக் கூடும் என்று ஓர் எண்ணம் அவருக்கு.

குழு கொதித்துப்போனது. கதவு திறந்தது என்று இவர் எழுதியதை நம்பிப் பெட்டி வாங்கியவர்கள், கதவு திறந்ததுதான் என்று அடித்துச் சொன்னார்கள். பொன்விழாப் பதிப்பு மாதிரி உலகத்தில் கிடையாது என்றார்கள். சும்மா இருந்த காதில் மிஷினை மாட்டிக்கொண்டு வந்து இயற்கையான சத்தத்தைக் குறை சொல்லலாமா என்று ஒருவர் கேட்டார். வேறு கம்பெனிக்காரன் வளைத்துப் போட்டுவிட்டான் என்றார் இன்னொருவர். பெட்டி வாங்காத சிலர் மட்டும் டாக்டர் பக்கம் பேசினார்கள். எல்லோரையும் விடக் காரமாக எழுதியவர் ஊசி: ‘மிஷின் மாட்டாத தங்கக்காதின் தீர்ப்பே எங்களுக்கு இறுதித் தீர்ப்பு. மிஷின் மாட்டிய காதுக்கு மேல்முறையீட்டு அதிகாரம் இல்லை. இரண்டாவது சிடி பஞ்சுமூட்டை. பஞ்சுமூட்டை. பஞ்சுமூட்டை.’

“காது கேக்காதப்ப தங்கம்னாங்க. கேட்டதும் தகரம்ங்கிறாங்க” என்று டாக்டர் மனைவியிடம் புலம்பினார்.

“நீங்க சொன்னதை அவங்க நம்பினதுக்குக் காரணம் உங்க காது இல்லைங்க” என்றாள் அவள். “நீங்க எழுதுற எழுத்து.”

அது பாராட்டா இல்லையா என்று அவருக்குத் தெரியவில்லை.

மன்னிப்புக் கேட்பதற்காகக் கம்பெனி முதலாளிக்கு போன் செய்தார். முதலாளி கோபப்படவே இல்லை. உற்சாகமாக இருந்தார். “நல்லதாப் போச்சு டாக்டர்! குழுவே ரெண்டா உடைஞ்சு அடிச்சுக்குது. அடுத்ததா ‘இதமான பதிப்பு’ன்னு ஒண்ணு போடப்போறேன். ரெண்டு கட்சியும் வாங்கும், குறை சொல்றதுக்காவது வாங்கும்” என்றார். ஒலிப்பொறியாளப் பெண்ணும் பக்கத்தில் இருந்தாள் போல. டாக்டர் போனை அவளிடம் கொடுக்கச் சொன்னார்.

“ஏம்மா, நீ அன்னைக்கே சொன்னே. நான்தான் கேக்கலை.”

“கேக்கலைன்னு இப்பத்தானே சார் தெரியுது” என்றாள் அவள். குரலில் குத்தல் இல்லை. “இந்தத் தடவை நாடாவில இருக்கிறதை அப்படியே போடப்போறேன் சார். நீங்க வர வேண்டாம்.”

“வரலைம்மா” என்றார்.

குழுவில் எழுதுவதை நிறுத்திவிட்டார். மாலை வேளைகளில் சும்மா பாட்டுக் கேட்டார். ஒரு பதிப்பை ஒரு தடவை. அது முதலில் கையொடிந்த மாதிரி இருந்தது. பிறகு பழகிவிட்டது.

சில மாதம் கழித்து, மிஷினுக்கு பேட்டரி வாங்க மைத்துனன் கடைக்குப் போனார். காத்திருக்கும் பெஞ்சில், பத்திரிகையை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். பத்திரிகை தலைகீழாக இல்லையே தவிர, வேறெல்லாம் சந்தேகமாகத்தான் இருந்தது. பேன்ட்டையும் ஷூவையும் பார்த்தே டாக்டர் அடையாளம் கண்டுகொண்டார்.

“என்ன வக்கீல் சார், இங்க?”

பத்திரிகை இறங்கியது. ஊசியின் முகம் சிவந்திருந்தது. “ஒரு கேஸ் விஷயமா வந்தேன் டாக்டர்” என்றார்.

அந்த நேரம் பார்த்து மைத்துனன் உள்ளேயிருந்து கையில் ஒரு சின்ன டப்பாவோடு வந்தான். “வக்கீல் சார், ரெண்டு காதுக்கும் ரெடி” என்றவன், அத்தானைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

டாக்டர் சுவரிலிருந்த காதுப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்தார்.

“குழுவுல சொல்லிடாதீங்க” என்றார் ஊசி, தாழ்ந்த குரலில்.

“நீங்க என்னைப் பத்தி அவ்வளவு எழுதினீங்களே?”

“அது வாதம் டாக்டர்.”

“இது?”

“இது காது.”

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊசியும் சிரித்தார். மைத்துனன் அவருக்கு மிஷினை மாட்டிவிட்டு, அளவைச் சரிசெய்து, எப்படிக் கேட்கிறது என்று கேட்டான். ஊசி தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா கொஞ்சம் தகரச் சத்தம் வருதே? போன வருஷத்து மாடல்தான் இதைவிட இயல்பா இருக்கும்னு சொல்றாங்களே?”

“யார் சொன்னா?” என்றார் டாக்டர் உடனே நிமிர்ந்து.

“குழுவுலதான், ரெண்டு மூணு பேர், தனியா...”

“அவங்களுக்கு என்ன தெரியும்? பழைய மாடல்ல மேல்ஸ்தாயி மொழுமொழுன்னு இருக்கும். இதுலதான் விவரம் தெரியும். மச்சான், அந்தப் பழைய மாடல் ஒண்ணை எடு. இடது காதுல அதையும் வலது காதுல இதையும் போட்டுப் பாத்துருவோம்.”

மைத்துனன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு போனை எடுத்துக்கொண்டு கல்லாவுக்குப் பின்னால் போய் நின்று, “அக்கா, அத்தானுக்காகக் காத்திருக்காதே. நீ சாப்பிட்டுரு” என்றான்.